மூலைக்கு ஆள் வேணும்

எங்க பள்ளிக்கூட செட்டு வாட்ஸப் குரூப்புல மாசம் ஒரு தடவையாவது எவனாவது ஒருத்தன் ரோபோ வீடியோ போட்டுருவான். ரெண்டு கால்ல ஓடுறது, பல்டி அடிக்கிறது, துணி மடிக்கிறது, கீழ ஒரு வரி, "இனிமே விண்வெளிக்கு மனுசன் எதுக்கு, இதுங்கள அனுப்பிட்டா சோறும் வேணாம் ஆக்சிஜனும் வேணாம்"னு. உடனே இன்னொருத்தன் "ஏன்டா மனுசன் மாதிரியே செய்யணும், பெட்டி மாதிரி செஞ்சா ஆவாதா"ன்னு கேப்பான், அதோட பேச்சு சினிமாவுக்குப் போயிரும். எனக்கு மட்டும் அந்த ரெண்டாவது கேள்வி மண்டையிலேயே நிக்கும். நான் திருச்சிப் பக்கம் ஒரு பாக்டரியில எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், எங்களுக்கு ரோபோன்னா கூண்டுக்குள்ள நின்னு வெல்டிங் அடிக்கிற ஒத்தக் கை, அதுக்கு மூஞ்சி இல்லேன்னு இதுவரைக்கும் யாரும் வருத்தப்பட்டதில்ல. அப்ப விண்வெளிக்குப் போறதுக்கு மட்டும் ஏன் தலை, தோள், அஞ்சு விரல் எல்லாம்?

வழக்கமா சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, நல்ல பதில்தான். சர்வதேச விண்வெளி நிலையம் முழுக்க மனுசக் கைக்குன்னு கட்டுன வீடு. பிடிச்சு நகர்றதுக்குக் கம்பி, அழுத்துறதுக்கு சுவிட்ச், திருகுறதுக்குக் குமிழ், கனெக்டர், ட்ரில், போர்வை மாதிரி போத்தியிருக்குற உறை, எல்லாம் விரல் அளவுக்கு செஞ்சது. ஒரு ரோபோ வருதுன்னு அத்தனையையும் கழட்டி மாத்த முடியாது, அதனால ரோபோவுக்கு மனுசக் கை மாதிரி கை குடுத்துட்டா இருக்குற டூல்ஸையே அதுகிட்டயும் நீட்டலாம். நாசாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செஞ்ச ரோபோநாட் 2 இந்தக் கணக்குல வந்ததுதான். கார் கம்பெனிக்கு அவங்க லைன்ல ஆளுங்க பக்கத்துலயே நின்னு வேலை பாக்குற ரோபோ வேணும், நாசாவுக்கு மேல ஒரு கையாள் வேணும், ரெண்டு பேருக்கும் ஒரே கை.

அந்தக் கைய மட்டும் பத்தியே ஒரு பதிவு போடலாம், அவ்வளவு நல்லா செஞ்சிருக்காங்க. விரல இழுக்குற மோட்டாரெல்லாம் முன்கைக்குள்ள ஒக்காந்திருக்கும், அங்கேருந்து நரம்பு மாதிரி கயிறு ஓடி விரல மடக்கும், நம்ம கையும் ஏறக்குறைய அப்பிடித்தானே இருக்கு, முன்கையப் புடிச்சுக்கிட்டு விரல ஆட்டிப் பாத்தா தெரியும். ஒரு கையில மட்டும் 12 விதமான அசைவு. உடம்பு முழுக்க 350க்கு மேல சென்சார். தலையிலேருந்து இடுப்பு வரைக்கும் சுமார் ஒரு மீட்டர், எடை 150 கிலோ. 2011 பிப்ரவரியில டிஸ்கவரி விண்கலத்துல ஏத்திக்கிட்டுப் போனாங்க, ஆகஸ்டுல பவர் குடுத்தாங்க, 2012 பிப்ரவரியில டேன் பர்பேங்க்ங்குற கமாண்டர் கூட அது கை குலுக்குச்சு. அந்த வீடியோவ நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு தெரியாது. ட்விட்டர்ல அதுக்குன்னு ஒரு அக்கவுண்ட்டு வேற வச்சு அதுவே பேசுற மாதிரி எழுதிக்கிட்டு இருந்தாங்க, அது எனக்குக் கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு.

கை குலுக்குனதுக்கப்புறம் அது செஞ்ச வேலைங்க என்னன்னு பாத்தா எல்லாம் சில்லறை வேலை. சுவிட்ச் போர்டு மாதிரி ஒரு பலகைய வச்சு அதுல பட்டன அழுத்த விட்டாங்க. கைப்பிடிக் கம்பியத் தொடைக்க விட்டாங்க. காத்து வர்ற ஓட்டைக்கு முன்னாடி ஒரு மீட்டரப் புடிச்சுக்கிட்டு காத்து வேகத்த அளக்கச் சொன்னாங்க. இந்தக் கடைசி வேலை எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா மனுசன் மீட்டரப் புடிச்சா ஆடாம மிதக்குறதே கஷ்டம், அதோட அவன் விடுற மூச்சே அளவக் கெடுத்துரும், ரோபோவுக்கு மூச்சு கெடையாது, புடிச்சது புடிச்சபடி நிக்கும். மனுசன விட அது ஒரு படி மேல செஞ்ச வேலைன்னா என் கணக்குல இது ஒண்ணுதான். அதுக்கு அஞ்சு விரல் எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல, ஒரு கிளாம்ப் போதும்.

கால் வச்ச கதை

2014ல அதுக்குக் கால் அனுப்புனாங்க. நடக்குற கால் இல்ல, அங்க தரையே கெடையாது, ஒவ்வொரு காலுக்கும் ஏழு மூட்டு, பாதம் இருக்க வேண்டிய எடத்துல கம்பியக் கவ்வுற ஒரு பிடி. ரெண்டு காலையும் விரிச்சா 9 அடி. ஸ்டேஷனுக்குள்ள கம்பி கம்பியாப் புடிச்சு எடம் விட்டு எடம் போவும், நாளைக்கு வெளியிலயும் போவும்னு திட்டம். விண்வெளி வீரருங்களே நேரம் ஒதுக்கி உக்காந்து மாட்டுனாங்க. அதுலேருந்து புடிச்சுது சனி. ஆன் பண்ணா ஒழுங்கா வராது, ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது, ஒண்ணச் சரிபண்ணா இன்னொண்ணு போவும். கடைசியில பாத்தா கால் மாட்டுனப்ப கரன்ட் திரும்பி வர்ற வழிக்கான ஒரு ஒயர் இல்லாமப் போனதுதான் வெனையாம்.

இதப் படிச்சப்ப எனக்கு வயித்தக் கலக்குச்சு. எங்க ஃபீல்டுல இருக்குறவங்களுக்குத் தெரியும், போற ஒயர் கட்டானா அது நல்ல ஃபால்ட், வேலை செய்யாது, பாத்தவொடனே தெரிஞ்சுரும். திரும்பி வர்ற ஒயர் இல்லேன்னா அது வேற ஜாதி. கரன்ட் எப்பிடியாவது வீடு போயி சேரணும், அதனால சம்பந்தமே இல்லாத சிக்னல் கேபிள் வழியா, எலெக்ட்ரானிக் கார்டு வழியா, பாடி வழியா சுத்திக்கிட்டுப் போவும், மெஷின் ஓடுற மாதிரியே இருக்கும், உள்ள ஒவ்வொரு கார்டா மெதுவா வெந்துக்கிட்டு இருக்கும். நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு மெஷின்ல இதே மாதிரி ஒரு 24 வோல்ட் ரிட்டர்ன் லூசா இருந்து, கார்டு மாத்தி மாத்தி ஸ்டோர்ஸ்காரரு எங்களப் பாத்தாலே கதவ சாத்துற நெலமைக்கு வந்துருச்சு. அது தரையில, மல்டிமீட்டரும் டீயும் பக்கத்துல இருக்குறப்ப. மேல மிதந்துக்கிட்டு, ஸ்க்ரூ பறந்துராமப் புடிச்சுக்கிட்டு, கீழேருந்து சொல்றதக் கேட்டுக்கேட்டு அதையே தேடணும்னா? அந்த வீரருங்களோட ஒவ்வொரு மணி நேரமும் முன்கூட்டியே எழுதி வச்ச நேரம், ஆராய்ச்சிக்குன்னு வச்சிருக்குற நேரம். கால் மாட்டுனதுக்கப்புறம் அது ஸ்டேஷனுக்குள்ள தானா ஊர்ந்து போயி ஒரு வேலைய முடிச்சுட்டு வந்த நாள் வரவே இல்ல. 2018ல ட்ராகன்ங்குற சரக்குக் கலத்துல வச்சுக் கீழ கொண்டாந்துட்டாங்க.

ரஷ்யாக்காரங்க வேற வழியில போயி அதே எடத்துக்கு வந்தாங்க. ஸ்கைபாட் எஃப்-850, முன்னாடி ஃபியோதர்னு பேரு, ஆறடி உயரம், முழுசா கை கால் எல்லாம் வச்சு 2019 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஆள் இல்லாத சோயுஸ் விண்கலத்துல மனுசன் ஒக்கார்ற சீட்டுலயே ஒக்கார வச்சு அனுப்புனாங்க. மொத தடவை ஸ்டேஷன்ல போயி ஒட்டவே முடியல, அது ரோபோ குத்தம் இல்ல, ஸ்டேஷன் பக்கத்து கருவியில கோளாறு. ரெண்டு மூணு நாள் கழிச்சு வேற வாசல்ல போயி ஒட்டுச்சு. ஸ்க்வோர்த்சோவ்ங்குற வீரர் அத வச்சு சில வேலை செஞ்சு பாத்தாரு, செப்டம்பர் 7ஆம் தேதி திரும்பி வந்துருச்சு. எடையே இல்லாத எடத்துல அந்த நீளக் காலு ரெண்டும் தொங்குற சுமைதான், ஸ்டேஷனுக்கு வெளிய வேலை செய்ய அந்த உடம்பு லாயக்கில்லன்னு செஞ்சவங்களே சொல்லிட்டாங்க.

மிஷின் திரும்ப முடியாத எடம்

எங்க ஊரு மன்னார்குடிப் பக்கம். அம்மா காலத்துலேருந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க நடவுக்குப் போறவங்க, அம்மாவுக்கு முட்டி போனதுக்கப்புறம் சின்னம்மாதான் எங்க தெருவுல ஆள் சேத்துக்கிட்டுப் போவுது. போன சம்பாவுக்கு லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப நடவு மிஷின் ஓடிக்கிட்டு இருந்த வயலுக்கு சின்னம்மாவுக்கு டீ வாங்கிக்கிட்டுப் போனேன். மிஷின் ஓடுற வயல்ல நடவு ஆளுங்களுக்கு என்ன வேலைன்னு டெல்டா ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மிஷின் நேரா போவுறப்ப அழகாத்தான் நடும், கோடு போட்ட மாதிரி. வரப்போரம் வந்து திரும்புற எடத்துல முடியாது, நாலு மூலையும் அப்பிடியே நிக்கும், உளையான எடத்துல சக்கரம் எறங்கிரும், நாத்து சரியா வராத எடத்துல வழுக்கையா கெடக்கும். அதையெல்லாம் ஆளுங்க எறங்கி நட்டுவிடணும். முன்னாடி ஒரு மா நெலத்துக்கு இத்தனை பேருன்னு கணக்குப் போட்டு கூட்டமா எறங்குன வயல்ல இப்ப மூலைக்கு மட்டும் அஞ்சாறு பேரு.

அங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அந்த மிஷின் சின்னம்மா மாதிரி இல்லவே இல்ல. குனியாது, எடது கையில நாத்து முடியப் புடிச்சு வலது கையால பிரிச்சு ஊனாது, பாட்டு பாடாது. அது ஓடணுங்குறதுக்காக நாமதான் எல்லாத்தையும் மாத்துனோம். நாத்தங்கால் விட்டு இருபத்தஞ்சு முப்பது நாள் வளத்துப் பறிச்சுக் கட்டிப்போடுற பழக்கத்த விட்டுட்டு, பாய் நாத்தங்கால் போட்டு, பொடி நாத்தா இருக்குறப்பவே பாயா சுருட்டி மிஷின்ல ஏத்துறோம். சமன் பண்ணுறது, தண்ணி வடிக்கிறது எல்லாம் மிஷினுக்கு ஏத்த மாதிரி. அறுவடைக்கும் அதே கதை, ஈரக் கழனியில டயர் வண்டி போவாதுன்னு பெல்ட்டு வண்டி வந்துச்சு, அது வைக்கோல ஒடச்சுப் போட்டுட்டுப் போறதால அதச் சுருட்ட இன்னொரு மிஷின் வந்துச்சு. எதுக்குமே மனுச உருவம் குடுக்கணும்னு யாருக்கும் தோணல, வயலயே மிஷினுக்கு வளைச்சுட்டோம். மூலைய மட்டும் வளைக்க முடியல, அங்க மனுசக் கைதான் எறங்குது.

விண்வெளியிலயும் நேரா போற வேலைக்கு எப்பவோ மிஷின் வந்துருச்சு. கனடாக்காரங்க செஞ்ச நீளக் கை, 2008ல போன டெக்ஸ்டர்ங்குற ரெண்டு கை ரோபோ, இதெல்லாம் பெரிய பெரிய பொருளத் தூக்கி மாத்துது, பேட்டரி மாத்துன வேலையிலயும் ஒரு பகுதிய முடிச்சுது. மனுச ஜாடையே கெடையாது, அதுங்க பிடிக்கிறதுக்குன்னே ஸ்டேஷன் சாமான்ல தனியா பிடி வச்சிருக்காங்க, பாய் நாத்தங்கால் போட்ட மாதிரி. உள்ள சுத்துறதுக்கு ஆஸ்ட்ரோபீன்னு மூணு பெட்டி மிதக்குது, ஒரு பக்கம் ஓரடிதான், கேமராவ வச்சுக்கிட்டு அது பாட்டுக்கு வேலைய செய்யுது. இதெல்லாம் போக மிச்சம் நிக்கிறதுதான் மூலை. சிக்கிக்கிட்ட கனெக்டர், கிழிஞ்ச உறை, வராத போல்ட்டு, படத்துல இல்லாத எடத்துல வந்து நிக்கிற ஒரு ஒயரு. மனுச உருவ ரோபோவ எதுக்கு அனுப்புறாங்கன்னா இந்த மூலைக்கு. அதாவது மத்த மிஷினெல்லாம் முடியாதுன்னு விட்டுட்டுப் போன வேலைய எடுத்து, இருக்குறதுலயே அனுபவம் கம்மியான மிஷின்கிட்ட குடுக்குறாங்க. அதனாலதான் அது அங்க நின்னு முழிக்குது, நாம அத விட்டுக்குடுக்க மனசில்லாம கம்பியத் தொடைக்க விடுறோம். தொடைக்கிற வேலை நடுவயல் வேலை, அதுக்குப் பெட்டியே போதும்.

மிஷின்காரன் டீசல் ஊத்திக்கிட்டு இருந்த நேரத்துல சின்னம்மாகிட்ட போன்ல அந்தக் கை குலுக்குற வீடியோவக் காட்டுனேன். கூட இருந்த ரெண்டு பேரும் எட்டிப் பாத்தாங்க. ஒரு அக்கா "தங்கம் பூசியிருக்கான்டி தலைக்கு"ன்னு சிரிச்சுச்சு. சின்னம்மா பூராத்தையும் பாத்துட்டு, "இது வேலை செய்றப்ப இந்தத் தம்பி என்னா செய்யுறாரு?"ன்னு கேட்டுச்சு.

"பக்கத்துல நின்னு பாத்துக்குறாரு சின்னம்மா, புதுசுல்ல."

"அப்ப ரெண்டு ஆள் கூலியில்ல ஆவுது."

"கத்துக்குற வரைக்கும் அப்பிடித்தான். நீங்க புதுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு வந்தா பக்கத்துல நிக்க மாட்டீங்களா?"

"நிப்பேன் ஏன் நிக்காம. மொத வருசம் நாத்து முடிய எடுத்துக் குடுக்குற வேலைதான் குடுப்பேன், மூலைக்கு விடமாட்டேன். அடுத்த வருசமும் முடியத்தான் தூக்கிக்கிட்டு நிப்பேன்னா நீ வூட்டுலயே இருடியம்மான்னுருவேன்."

சின்னம்மா அதத் தத்துவமா சொல்லல. ஆள் சேக்குறது, கூலி பிரிக்கிறது, எவ வந்தா வயல் முடியும் எவ வந்தா முடியாதுன்னு பாக்குறது அதோட தொழில், அந்தக் கணக்குலேருந்து வந்த பேச்சு. நான் விடாம, இது கூலி கேக்காது, சோறு கேக்காது, மேல காத்து இல்லாத எடத்துலயும் நிக்கும்னு எல்லாம் சொல்லிப் பாத்தேன். "ரிப்பேருன்னா யாருடா பாப்பா"ன்னு கேட்டுச்சு. அந்தத் தம்பிதான்னேன். டீ டம்ளரக் குடுத்துட்டு எறங்கிப் போயிருச்சு.

2011லேருந்து 2018 வரைக்கும் மேல இருந்த ரோபோநாட்ட அந்த அளவுகோல்ல வச்சுப் பாத்தா அது நாத்து முடிய எடுத்துக்குடுத்த வருசங்கதான், அதுவும் கடைசி நாலு வருசம் காய்ச்சல்ல படுத்த கணக்கு. ஆராய்ச்சின்னு பாத்தா நெறைய கெடைச்சிருக்கு, அத நான் மறுக்கல, அந்தக் கை வேலையிலேருந்து பாக்டரி ஆளுங்க கையில மாட்டிக்கிற, பிடிக்கு பலம் குடுக்குற ஒரு கிளவுஸ் வரைக்கும் வந்திருக்கு. ஆனா உதவிக்குன்னு அனுப்புன ஒண்ண, ஆளோட நேரத்த எவ்வளவு மிச்சம் பண்ணுச்சுன்னுதானே கேக்கணும். இது மிச்சம் பண்ணத விடத் தின்னது ஜாஸ்தி. கை குலுக்குறத எத்தனை கோடிப் பேரு பாத்தாங்கங்குறது அந்தக் கணக்குல வராது.

நகம்

இப்பிடியெல்லாம் சொல்றதால இது வேணாம்னு சொல்றேன்னு நெனைச்சுக்காதீங்க. மூலைக்கு எறங்குற கை என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். நடவு சீசன்ல அம்மா ராத்திரி காலுக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும், விரலிடுக்கு பூரா சேத்துப்புண், நகம் எப்பவும் கறுத்துப் போயித்தான் இருக்கும். ஸ்டேஷனுக்கு வெளிய போயி வேலை பாக்குறவங்களுக்கும் நகம்தான் பிரச்சனைன்னு படிச்சப்ப சிரிக்கிறதா வேணாமான்னு தெரியல. அந்த உடைக்குள்ள காத்த அடைச்சு வச்சிருப்பாங்க, வெளிய ஒண்ணுமே இல்லாத வெத்திடம், அதனால கையுறை எப்பவும் விறைச்சு நிக்கும், ஒவ்வொரு தடவை விரல மடக்குறப்பவும் அந்த அழுத்தத்த எதுத்து மடக்கணும். ஆறு ஏழு மணி நேரம் அப்பிடியே வேலை. விரல் நுனி கையுறையில இடிச்சு இடிச்சு நகம் சதைய விட்டுக் கெளம்பிருமாம், கழண்டே விழுந்தவங்களும் இருக்காங்க. வெளிய போறதுக்கு முன்னாடி ரத்தத்துல இருக்குற நைட்ரஜன் போறதுக்கு மணிக்கணக்குல வெறும் ஆக்சிஜன இழுத்துக்கிட்டு இருக்கணும். 2013 ஜூலையில லூக்கா பர்மிட்டானோங்குற இத்தாலி வீரருக்கு ஹெல்மெட்டுக்குள்ள தண்ணி ஒழுகி மூக்கு வரைக்கும் ஏறிருச்சு, கண்ணு தெரியாம பாதுகாப்புக் கயிறு இழுக்குற திசைய வச்சுத் தடவித் தடவி உள்ள வந்து சேந்தாரு. அப்ப வெளிய போயி அந்தக் கனெக்டரக் கழட்டுறதுக்கு ஒரு தகரக் கை இருந்தா யாரு வேணாம்பா? எனக்கு வேணும். கை வேணும். மூஞ்சிதான் எதுக்குன்னு தெரியல.

இன்னொண்ணும் இருக்கு, சின்னம்மா கேட்டதுக்கு ஓரளவுக்கு பதில். ரோபோ பக்கத்துல ஆளே இல்லேன்னா யாரு நேரமும் வீணாவாது. நாசாவோட வால்கிரிங்குற ரோபோ, 2013ல வெளிய காட்டுனது, ஆறடிக்கு மேல உயரம், அத வச்சு அவங்க யோசிக்கிறது இப்பிடித்தான், செவ்வாய்க்கு மனுசன் போறதுக்கு முன்னாடியே போயி வீட்ட தயார் பண்ணி வைக்கிறது, அவங்க கெளம்பி வந்ததுக்கப்புறம் பூட்டுன வீட்டப் பாத்துக்குறது. செவ்வாய்க்கு சிக்னல் போறதுக்கே தூரத்தப் பொறுத்து 3 நிமிஷத்துலேருந்து 22 நிமிஷம் ஆவும், இங்கேருந்து கையப் புடிச்சு எழுத வைக்க முடியாது. அதனால ஜெர்மன்காரங்க தலைகீழா ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. 2017, 2018ல விண்வெளி நிலையத்துல இருந்த வீரருங்க ஒரு டேப்லெட்ட வச்சுக்கிட்டு, ஜெர்மனியில ஒரு ஆய்வுக்கூடத்துல செவ்வாய் மாதிரி செட்டு போட்டு நிறுத்தியிருந்த ஜஸ்டின்ங்குற ரோபோவ வேலை வாங்குனாங்க. ஒவ்வொரு விரலையும் ஆட்டச் சொல்றதில்ல, அந்த சோலார் பேனலப் பாருன்னா போயிப் பாக்கும், எப்பிடிப் புடிக்கிறதுங்குறத அதுவே முடிவு பண்ணிக்கும். ஜஸ்டினுக்கு மனுச உடம்பு இடுப்பு வரைக்கும்தான், கீழ சக்கரம். இதுதான் எனக்கு சரியாப் படுது. கை வேணும், அத எட்ட வைக்கிற தோள் வேணும், கீழ அந்தந்த எடத்துக்கு எது தோதோ அது.

நம்ம நாட்டு பொம்பள உருவ ரோபோ வியோமித்ராவுக்கும் கால் கெடையாது. திருவனந்தபுரத்துல இஸ்ரோ யூனிட்டுல செஞ்சு 2020 ஜனவரியில பெங்களூருல காட்டுனாங்க. அது இந்தியும் இங்கிலீஷும் பேசும், தமிழ் பேசாதான்னு எங்க குரூப்புல பெரிய சண்டை, திருவனந்தபுரத்துல பொறந்துட்டு மலையாளமே பேசலயேடான்னு ஒருத்தன் சமாதானம் பண்ணி வச்சான். அது கையாள் வேலைக்குப் போறதில்ல. ஆள் இல்லாம போற முதல் ககன்யான் விண்கலத்துல சீட்டுல ஒக்காந்து, மனுச உடம்பு இருக்க வேண்டிய எடத்துல இருந்துக்கிட்டு, குலுக்கல் எவ்வளவு, காத்து எப்பிடி இருக்கு, பேனல்ல எந்த சுவிட்ச் எட்டுதுன்னு பாத்து சொல்லணும். அதுக்கு மனுச உருவம் வேணும்தான், நம்ம ஆளுங்க ஒக்காரப் போற சீட்டுல பெட்டிய வச்சுப் பாத்து என்ன தெரியப் போவுது. ரஷ்யாக்காரங்க ககாரினுக்கு முன்னாடி 1961 மார்ச்சுல ரெண்டு தடவை இவான் இவானோவிச்னு ஒரு பொம்மைய ஒக்கார வச்சு அனுப்புனாங்க, அச்சு அசல் மனுசன் மாதிரியே இருந்ததால கீழ விழுறப்ப ஊர்க்காரங்க பொணம்னு பயந்துரக் கூடாதுன்னு அது பொம்மைதான்னு மூஞ்சியிலயே எழுதி விட்டாங்க. வியோமித்ராவோட சிரிச்ச மூஞ்சிக்கும் தலைமுடிக்கும் அந்த மாதிரி ஒரு காரணமும் இல்ல, டிவிக்காகத்தான்னு நெனைக்கிறேன். அது என்னோட எரிச்சல், விட்டுருங்க.

எனக்கு ஆர்வமா இருக்குறது அது பறந்துட்டு வந்ததுக்கப்புறம் வர்ற ரிப்போர்ட்டு. பேனல்ல எந்தெந்த சுவிட்ச மொத தடவையே அழுத்துச்சு, எதுல தடுமாறுச்சு, குலுக்கல்ல கை எவ்வளவு தள்ளிப் போச்சு, எத்தனை தடவை கீழேருந்து சொல்ல வேண்டியிருந்துச்சு, இதெல்லாம். பேட்டியும் போட்டோவும் எப்பிடியும் குரூப்புக்கு வந்துரும். அந்த ரிப்போர்ட்டு எங்கயாவது கண்ணுல பட்டா கமெண்ட்டுல போட்டு விடுங்க, வயரிங் டயகிராம் இருந்தா இன்னும் நல்லது.